சட்டைப்பையில் நாலு ஏலக்காய்

"ஊது."

சுப்புத்தாய் வாசலை மறித்து நின்றாள். வாடகை ஜீப் ஓட்டிவிட்டு வந்த புருஷன் மொக்கச்சாமி தெரு முக்கிலேயே நாலு ஏலக்காயை மென்று முடித்திருந்தான். தெம்பாக ஊதினான்.

"சாராயம்."

"எவன்டி சொன்னது? மலைச்சாமியா?"

"ஒம் வாயே சொல்லுதே. போயி கொப்புளிச்சிட்டு வந்து தின்னு."

பத்து வருஷமாக இதே கூத்து. ஏலக்காய் மென்றால் போலீசுக்காரனுக்கே தெரியாது என்று போடி ஊரே சத்தியம் செய்யும். கட்டியவளிடம் மட்டும் பலிக்கவில்லை. பக்கத்து வீட்டு மலைச்சாமிதான் கோள் சொல்கிறான் என்று முடிவுகட்டி, மூன்று வருஷமாக அவனோடு பேச்சில்லை. விஷயம் வேறு. ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவள் சுப்புத்தாய். நாள் முழுக்கக் குவியலுக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து, அவள் மூக்குக்கு ஏலக்காய் வாசம் மட்டும் செத்துப்போயிருந்தது. புருஷன் அரைக்கிலோவை மென்றாலும் சாராயம் சுத்தமாகத் தனியே வரும். இதை அவனிடம் அவள் சொன்னதேயில்லை.

அன்று ஊதியதற்கு மறுநாள் போடிமெட்டு ஏற்றத்தில் அவனுக்கு நெஞ்சை அடைத்தது. ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தானாம்.

இழவுக்கு வந்தவர்களெல்லாம், "பக்கத்துல வந்தாலே ஏலக்கா மணக்குமே" என்று அழுதார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்றே அவளுக்குப் புரியவில்லை. மலைச்சாமி பிணத்தின் தலைமாட்டில் குந்தி, "ஏன் மாப்ளே எங்கிட்டப் பேசல? அதையாச்சும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று கேட்டபோது சிரிப்பு முட்டி, முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

ஒரு மாதம் ஸ்டோர்ப் பக்கமே போகாமல் வீட்டோடு கிடந்தாள். ஒருநாள், கடைசியாக அவன் கழற்றி மாட்டிய காக்கிச் சட்டையில் மூக்கை வைத்துச் சாராயத்தைத் தேடினாள். அது போயிருந்தது. வேறொன்று வந்தது, குளிர்ச்சியாக, மூக்கின் அடிவரை. இன்னதென்று பிடிபடவே சற்று நேரமாயிற்று. பையில் நாலு ஏலக்காய், அடுத்த நாளைக்கென்று வைத்து, சட்டை மாற்றுகையில் மறந்துபோனவை. ஊரே அறிந்த புருஷனை அவள் அன்றுதான் முகர்ந்தாள்.

"திங்கக்கிழம வரலேன்னா வேற ஆள் போட்டுருவாகளாம்" என்று ஸ்டோரிலிருந்து முத்துப்பேச்சி வந்து சொன்னாள். போனால் ஒரு வாரத்தில் மூக்கு மறுபடி செத்துவிடும். போகாவிட்டால் உலை இல்லை. ஞாயிறு முழுக்கச் சட்டையும் கையுமாக இருந்துவிட்டு, சாயங்காலம் மலைச்சாமி வீட்டுக்குப் போய், புருஷன் அவன்மேல் வைத்திருந்த சந்தேகத்தையும் மூக்குச் சங்கதியையும் சொன்னாள்.

"அட தங்கச்சி! இத அவன்ட்டச் சொல்லித் தொலச்சிருந்தா, நான் மூணு வருசம் பொல்லாப்புச் சொமந்திருப்பனா?"

"சொன்னா ஏலக்காய விட்டுட்டுப் பூண்டத் திம்பாருண்ணே."

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். வெள்ளிக்குள் சட்டை வெறும் துணியாகிவிட்டது. இப்போதும் வேலைவிட்டு வந்ததும் அதன் பையில் கைவிட்டுப் பார்ப்பாள்.

நாலும் இருக்கின்றன.