மாரி முடியுமட்டும்

தொண்ணூற்றாறு ஆடியில் முல்லைத்தீவுக் கரையில் சண்டை தொடங்கியபோது அருளம்மாவும் புருஷன் இன்னாசித்தம்பியும் மூன்று பிள்ளைகளோடு உடையார்கட்டுக்கு ஓடிவந்தார்கள். வயல்காரர் சின்னராசா தன் வீட்டுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த கல்வீட்டை அவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமையில் மீன் சமைக்கக்கூடாது, பெரிய அறையைக் கேட்கக்கூடாது என்பது பேச்சு. அந்த அறையில் அவருடைய நெல்மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஐந்து பேரும் சின்ன அறையிலும் விறாந்தையிலும் படுத்தெழும்பினார்கள்.

இடம்பெயர்ந்து வரும் சனம் கூடக்கூட, ஊரில் வாடகைச் சண்டைகளும் கூடின. அதனால் கிராமச் சங்கம் ஒரு விதி வைத்தது. வாடகைக்கு இருக்கும் குடும்பத்தை மாரிக்காலம் முடியுமட்டும் யாரும் வீட்டைவிட்டு எழுப்பக்கூடாது. கூட்டத்தில் சின்னராசாவும் கை உயர்த்தினார்.

புரட்டாதியில் கிளிநொச்சிக்கும் சண்டை வர, அந்தச் சனமும் வெளிக்கிட்டது. சின்னராசாவின் மகள் விமலேஸ்வரி புருஷனோடும் கைக்குழந்தையோடும் அக்கராயனில் ஒரு மரத்தடியில் நிற்கிறாள் என்று செய்தி வந்தது. சின்னராசா நேரே அருளம்மாவிடம் வந்தார்.

"தங்கச்சி, குறை நினையாதை. மகள் வாறாள். வீடு வேணும்."

"எப்ப அண்ணை?"

"நாளைக்கு."

அவர் போனதும் இன்னாசித்தம்பி பாய்களைச் சுருட்டத் தொடங்கினான். "அவையின்ரை வீடு. என்னெண்டு மறுக்கிறது?"

"மழை இருட்டிக்கொண்டு நிக்குது. கடைக்குட்டிக்குக் காய்ச்சல். எங்கை போறது?" அருளம்மா பாயைப் பறித்து மூலையில் போட்டாள். "விதியெண்டு ஒண்டு இருக்கெல்லோ. நான் சங்கத்திலை கேக்கப்போறன்."

மறுநாள் வாசிகசாலையில் சங்கம் கூடியது. அன்று காலையில்தான் வந்து சேர்ந்த விமலேஸ்வரி, சேற்றுக்கால் கழுவாமல் குழந்தையோடு பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்தாள். அருளம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஆடி மாதம் ஓடிவந்த அன்று தன் முகமும் அதுதான்.

சங்கத் தலைவர் கனகலிங்கம் மாஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. "சின்னராசா, விதி விதிதான். மாரி முடியட்டும்."

"அப்ப என்ரை பிள்ளை மழையிலை கிடக்கிறதோ?"

அருளம்மா எழும்பினாள். "அவவும் வரட்டும் அண்ணை, நாங்களும் இருக்கிறம். பெரிய அறையிலை குடியிருக்கிற நெல்லை எழுப்புங்கோ."

கூட்டம் சிரித்தது. "நெல்லுக்கு இந்த விதி இல்லை," என்றார் மாஸ்டர்.

சின்னராசாவுக்கு முகம் கறுத்தது. "என்ரை வீட்டிலை எதை வைக்கிறதெண்டு நீங்களோ சொல்லுறது?"

"அப்பா," என்றாள் விமலேஸ்வரி. எல்லாரும் திரும்பினார்கள். "அது எனக்குச் சீதனமா எழுதின வீடு. வாடகைக்குக் குடுக்கேக்கை என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. இப்ப சொல்லுறன். அவை இருக்கட்டும். நெல்லை உங்கடை வீட்டுக்கு எடுங்கோ."

சின்னராசா எழும்பிப் போனார். ஆனால் பின்னேரம் மாட்டு வண்டிலைப் பூட்டிக்கொண்டு வந்தார். இன்னாசித்தம்பி கேளாமலே மூட்டைகளைத் தோளில் ஏற்றினான். கடைசி மூட்டை ஏறும்போது மழை பிடித்தது. நெல் நனையாமல் மூட ஆண்கள் படங்கை விரிக்க, ஓடிவந்து அதன் மற்ற நுனியைப் பிடித்தவள் அருளம்மா.

அந்த மாரி முழுக்க ஒரே குசினியில் இரண்டு அடுப்பு எரிந்தது. உரசல் இல்லாமலில்லை. கிணற்றடியில் முறை பார்த்துச் சண்டை வந்தது; பிள்ளைகள் அடிபட்டார்கள். ஆனால் விமலேஸ்வரி காய்ச்சலில் விழுந்த கிழமை, அவளுடைய குழந்தை அருளம்மாவின் மடியில்தான் வளர்ந்தது.

தை பிறந்து வெயில் வந்ததும் அருளம்மா மூட்டை கட்டினாள். "மாரி முடிஞ்சுது தங்கச்சி. சொன்ன சொல்லுப்படி நாங்கள் வெளிக்கிடுறம்."

விமலேஸ்வரி அவளைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனாள். பற்றை வெட்டித் துப்புரவாக்கிய ஒரு துண்டு நிலம். நாலு மூலையிலும் கப்பு நட்டு, மேலே கூரை மரமும் கட்டியிருந்தது. பக்கத்தில் சின்னராசா கூரை வேயத் தென்னோலைக் கிடுகுக் கட்டுகளை இறக்கிக்கொண்டு நின்றார்.

"இதிலை கொட்டில் போட்டுக்கொண்டு இருங்கோ," என்றார் அவர். "வாடகை ஒண்டும் வேண்டாம்."

அருளம்மா கண்ணைத் துடைத்தாள். ஆனாலும் தலையாட்டி மறுத்தாள். "இல்லை அண்ணை, கொஞ்சமெண்டாலும் தருவம். வாடகை குடுத்தால்தானே, எழுப்பேக்கை நான் கேள்வி கேக்கலாம்!"

சின்னராசா வாய்விட்டுச் சிரித்தார். "உன்னோடை கதைச்சு வெல்லேலாது. ஓம், தா."

இன்னாசித்தம்பி கூரை மரத்தில் ஏறிக் குந்தினான். சின்னராசா கீழே நின்று முதல் கிடுகை எடுத்துக் கொடுத்தார்.