கதவுக்குப் பின்னால் கரிக்கோடு

“கையை எடுடி.”

சந்திராவின் ஒரு கை கக்கூஸ் கதவின் சங்கிலியில் இருந்தது. இன்னொரு கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. வைகாசி வெயில் காலை பத்து மணிக்கே கொல்லையைக் காய்ச்சிக்கொண்டிருக்க, அவள் நெற்றியில் வழிந்த வியர்வையோ வெயிலுடையது அல்ல.

“அத்தே, ஒரே ஒரு தபா. முடியலை.”

“மாமனார் போற எடத்துல மருமவ போவாளா?” மாமியார் மணியம்மை குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தேவையும் இல்லை. “திருவாலங்காட்டுல உங்க நைனா இப்படித்தான் வளத்தாரா? கோழி கூவறதுக்கு முன்ன ஏரிக்கரைக்குப் போனியே, அப்ப இன்னா பண்ணே?”

“போனேன் அத்தே. மறுபடியும் வருது.”

“அடக்கு. இனிமே இருட்டினப்புறம்தான்.”

சங்கிலி கையிலிருந்து நழுவியது. சந்திரா கிணற்றடிக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தபோது புடவையின் பின்பக்கம் நனைந்து சிவந்திருந்தது. மணியம்மை இரண்டடி பின்னால் போனாள்.

“போன வாரம்தானே தலைக்கு ஊத்திக்கினே?”

“அது இல்லே அத்தே. இது வேற. இது...”

“எந்த வழியா வந்தா இன்னா? ரத்தம்னா தீட்டு. மாட்டுக் கொட்டாய்க்குப் போ.”

இத்தனையையும் இரண்டு செங்கல் அகலத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள் அடுத்த வீட்டுக் கௌரியம்மாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லைச் சுவரில் போன மழைக்கு இரண்டு செங்கல் விழுந்திருந்தது. அதைப் பூசச் சொல்லி மணியம்மை மூன்று முறை கேட்டாயிற்று. கௌரியம்மாளுக்கும் பூசத்தான் ஆசை; ஆனால் கொத்தன் கிடைக்கவில்லை. திருத்தணி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள அத்தனை கொத்தனும் அவளுக்கு மட்டும் கிடைக்காமல் போனது எப்படி என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. அந்த ஓட்டை வழியாக வரும் செய்திதான் தெருவுக்கே மத்தியானச் சாப்பாட்டோடு தொட்டுக்கொள்ள உதவியது.

புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை. ஒண்டியாக இருப்பவளுக்குப் பொழுது போகவேண்டும் அல்லவா? அதிலும் அவளிடம் ஒரு நாணயம் உண்டு. குத்துமதிப்பாகப் பேசமாட்டாள். எண்ணிப் பேசுவாள். சித்திரையில் சந்திரா அடிக்கடி கொல்லைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும், நாலு பேர் நடுவில் சொல்லும்போது பிசகக்கூடாது என்று, சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் கோடு போட ஆரம்பித்தாள். ஒரு தடவைக்கு ஒரு கோடு. புடவையில் ரத்தம் கண்ட நாளில் கோடுகளின் மேலே குறுக்காக ஒன்று.

“இன்னிக்கு ஏழு,” என்பாள் குழாயடியில்.

“முழுவாம இருக்கறாளோ?”

“முழுவாம இருந்தா மேல வரும்டி. இது கீழ போவுது.”

சிரிப்பார்கள். கௌரியம்மாளும் சிரிப்பாள்.

உலகச் சண்டை முடிந்த வருஷம் அது. அரிசி ரேஷனில் வந்துகொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகையில் சந்திராவுக்கு ஒரு வேளை கூழும் மிளகாய் ஊறுகாயும் வந்தது. மற்ற வீடுகளில் தீட்டு என்றால் மூன்று நாள். மணியம்மையின் சட்டப்படி ரத்தம் நின்று மூன்று நாள். சந்திராவுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. சாணி வார, பாத்திரம் துலக்க மட்டும் அந்தத் தீட்டு குறுக்கே நிற்கவில்லை.

புருஷன் பரசுராமன் அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. காலை வண்டிக்குப் போய் இரவு வண்டிக்கு வருவான். பெண்டாட்டி கொட்டகையில் இருந்தால், ‘ஓகோ’ என்று கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவான்.

இடுமருந்து என்ற வார்த்தையை முதலில் சொன்னது கௌரியம்மாள்தான். யாரோ சோற்றில் எதையோ கலந்து கொடுத்திருக்கிறார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டு அரிக்கிறது என்று குழாயடியில் ஒரு பேச்சுக்குச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அது தெருவைச் சுற்றி மணியம்மையிடம் போய், மறுநாள் காலை கௌரியம்மாளிடமே திரும்பி வந்தது: “கனகம்மாசத்திரத்துல மருந்து எடுக்கறவ ஒருத்தி கீறாளாமே. நீயும் வா கௌரி.”

போனாள். போகாமல் இருக்க முடியுமா? கனகம்மாசத்திரத்துக்காரி சந்திராவைப் படுக்கவைத்து, தொப்புளில் ஒரு குழலை வைத்து உறிஞ்சினாள். பிறகு வாயிலிருந்து ஒரு சின்ன மயிர் உருண்டையை இலையில் துப்பினாள். மணியம்மை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த உருண்டை உறிஞ்சுவதற்கு முன்பே மருந்து எடுத்தவளுடைய இடது கடைவாயில் புடைத்துக்கொண்டு இருந்ததைக் கௌரியம்மாள் பார்த்தாள். இரண்டு செங்கல் இடுக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தப்பவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவள், அதை மட்டும் சொல்லவில்லை. இடுமருந்து என்று சொன்னதே அவள்தானே. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டால் பேச்சுக்கு என்ன மரியாதை?

“எடுத்தாச்சு. மூணு நாள் பச்சைத் தண்ணி தவிர எதுவும் குடுக்காதீங்க,” என்றாள் மருந்து எடுத்தவள்.

கொடுக்கவில்லை. மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு, நாலாம் நாள் கதவுக்குப் பின்னால் பதினொரு கோடு விழுந்தது.

ஆனி பிறந்ததும் திருவாலங்காட்டிலிருந்து சந்திராவின் அப்பா வரதராஜன் வந்தார். கொஞ்சம் கரும்பு பயிரிடும் மனிதர். கொட்டகையில் எழுந்து நின்ற மகளை அவருக்கு அடையாளம் தெரியச் சிறிது நேரம் பிடித்தது. “நைனா” என்றதும்தான் தெரிந்தது.

“நாளைக்கு வேலூர்ப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். மாப்பிள்ளை கூட வரட்டும்,” என்றார். மணியம்மை கூட வர மறுத்தாள். துணைக்கு ஒரு பொம்பளை வேண்டுமே என்றபோது, கௌரியம்மாள் சுவருக்கு மேல் தலை நீட்டினாள். ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று அவளுக்கு வெகு நாளாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கண்ணாடி போட்ட டாக்டரம்மா கேட்டாள்: “எத்தனை நாளா இருக்கு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ரத்தம் எப்ப ஆரம்பிச்சுது?”

சந்திரா தரையைப் பார்த்தாள். அப்பா, புருஷன், இத்தனை பேர் நடுவில் அதையெல்லாம் எந்தப் பெண் வாயைத் திறந்து சொல்வாள்? பரசுராமன் மேலே விசிறியைப் பார்த்தான். மூன்று வருஷம் குடித்தனம் செய்தவனுக்கு அதில் ஒரு கேள்விக்கும் பதில் தெரியவில்லை.

“சித்திரை பொறந்து எட்டாம் நாள் ஆரம்பிச்சுதுங்க,” என்றாள் கௌரியம்மாள். “மொதல்ல நாலு தபா. வைகாசில ஏழு, எட்டு. பட்டினி போட்டப்புறம் பதினொண்ணு, ஒரு நாள் பதினாலு. ரத்தம் வைகாசி மூணாந்தேதிலேர்ந்து, நடுவுல ஒரு நாள்கூட விடலே. கூழு குடிச்ச அன்னிக்கு ஜாஸ்தி. ஊறுகா தின்ன அன்னிக்கு அதைவிட ஜாஸ்தி.”

டாக்டரம்மா பேனாவை எடுத்து ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். கௌரியம்மாள் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நாலு நாள் வைத்துக்கொண்டு பரிசோதித்தார்கள். பிறகு டாக்டரம்மா எல்லோரையும் உட்காரவைத்தாள்.

“இது சாதாரண சீதபேதி இல்லை. பெருங்குடலோட உள்பக்கம் பூராவும் புண்ணா இருக்கு. ஏன் வருதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியலை. ஒட்டிக்கிற வியாதி இல்லை. யாரும் சோத்துல எதுவும் வைக்கலை. போகும், மறுபடி வரும். அடியோட போயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாத்துக்கிட்டா நாள் கணக்கா, வருஷக் கணக்கா நல்லா இருக்கலாம்.”

“எப்படிப் பாத்துக்கறதுங்க?” என்றார் வரதராஜன்.

“மாத்திரை தர்றேன். பட்டினி கூடவே கூடாது. குழைஞ்ச சோறு, மோர்க் கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளை. காரம் வேண்டாம். ஜாஸ்தியா போற நாள்ல படுக்க வைக்கணும். எல்லாத்துக்கும் மேல, வந்தா உடனே போறதுக்கு வீட்டுக்குள்ளயே ஒரு இடம். அடக்கச் சொல்லாதீங்க. அடக்கறதுக்கு அந்தக் குடல்ல தெம்பு இல்லை. ரத்தம் ஜாஸ்தியானா அன்னிக்கே இங்க கொண்டாங்க.”

பரசுராமன் முதல் முறையாக வாயைத் திறந்தான். “கொழந்தை பொறக்குங்களா?”

“முதல்ல இவ இருக்கட்டும்,” என்றாள் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது ரயிலில் சந்திரா கௌரியம்மாளின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

“அத்தினியும் எண்ணிக்கினா இருந்தே அக்கா?”

“ஆங்... சும்மா, கண்ணுல பட்டுது.”

“யாருக்குமே தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்தேன். உனக்கு ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்குது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்த வீட்டுக்கும் எடுத்துப் போய்ச் சொல்லக் கௌரியம்மாளுக்கு வாய் வரவில்லை.

மணியம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். “ரேஷன் அரிசில ஆறு வேளை கஞ்சியா? மாமனார் கக்கூஸ்ல மருமவளா? டாக்டருக்கு மாமியார் கீறாளா, கேட்டுகினு வந்தீங்களா?” மாத்திரைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

“ரெண்டு மாசம் எங்கூட்டுல வெச்சுக்கறேன்,” என்றார் வரதராஜன்.

“இட்டுகினு போங்க. அப்புறம் இங்க கொண்டாந்து விட வேணாம். ஆமா, உங்க சின்னவ கமலாவுக்கு எடம் பாக்கறீங்களாமே? அக்கா வாழாவெட்டியா வந்து கீறான்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?”

வரதராஜன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் முகத்தைப் பார்க்காமலே வண்டி ஏறினார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலைப்படி தெரியாமல் காவடி. தெருவில் வீடு வீடாக வெளியூர்க்காரர்கள். ஏரிக்கரையில் விடியுமுன்னும் கூட்டம், அந்தி சாய்ந்தும் கூட்டம். சந்திரா வழக்கமாகப் போகும் புதர்களுக்குள் யாரோ அடுப்பு மூட்டிப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். மாமனார் சுந்தரமூர்த்தியின் கக்கூஸ் வாசலில் விருந்தாளி ஆண்கள் சொம்போடு வரிசையில் நின்றார்கள்.

அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் ஒரு கோடுகூட விழவில்லை. மறுநாளும் இல்லை. குணமாகிவிட்டதோ என்று கௌரியம்மாள் சுவர் ஓட்டையில் வாயை வைத்துக் கேட்டாள்.

“இன்னாடி, தேவலையா?”

கொட்டகையிலிருந்து பதில் வந்தது. “சாப்டாதானே அக்கா போவணும். நேத்திலேர்ந்து சாப்பிடலை.”

கௌரியம்மாள் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஆனால் கொல்லை முருங்கை மரத்தடியில் ஒரு பள்ளம் தோண்டி, சுற்றிலும் பழைய புடவையைக் கட்டினால் போதும். சுவரில் இன்னும் நாலு செங்கல்லைத் தட்டினால் அந்தப் பெண் வந்துவிடலாம். கடப்பாரையைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு, அடுத்த வீட்டு மருமகளுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்தாளாம் என்று தெரு பேசுமே என்று தோன்றியது. தெருவின் வாய் என்பது முக்கால்வாசி தன் வாய்தான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவு வரவில்லை. கடப்பாரையைச் சாத்தி வைத்தாள்.

நாலாம் நாள் கூட்டம் கலைந்தது. கொட்டகை வைக்கோல் சிவந்து கிடந்தது. வரதராஜனுக்கு ஆள் போய் அவர் மாட்டுவண்டியோடு வந்தபோது, சந்திராவைத் தூக்க அவர் ஒருவரே போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ரயிலுக்காக ஸ்டேஷனுக்கு வண்டி புறப்பட்டது. வண்டியில் சந்திரா ஒரே ஒரு தடவை பேசினாளாம்: “நைனா, வண்டியை நிறுத்து, போவணும்.” அவர் நிறுத்தி, நடுச்சாலையில் தன் வேட்டியை அவிழ்த்து மறைவாகப் பிடித்துக்கொண்டு, கோவணத்தோடு நின்றார். மகள் இறங்கவில்லை. ரயில் வந்து போயிற்று.

தை பிறக்குமுன்னே பரசுராமனுக்குப் பெண் பேசினார்கள். பட்டணத்துப் பெண், பெரம்பூர். பெண் வீட்டாருக்கு எல்லாம் சம்மதம், ஒன்றைத் தவிர: பெண் வெளியில் போய்ப் பழகாதவள். மணியம்மை மறுநாளே கொத்தனைக் கூட்டி வந்தாள். அவளுக்குக் கொத்தன் கிடைத்தான். பத்தே நாளில் சிமெண்டுத் தரையும் ஓட்டுக்கூரையும் உள்பக்கம் தாழ்ப்பாளுமாக, மருமகளுக்கென்று தனியாக ஒரு கக்கூஸ் எழுந்தது. மாட்டுக் கொட்டகையின் சுவர்களில் ஒன்றை இடித்துத்தான் செங்கல் எடுத்தார்கள்.

பெண்ணின் அப்பா அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்தார். அந்தத் தெருவில் விசாரிப்பதென்றால் எந்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்று குழந்தைக்கும் தெரியும். சுவர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் மணியம்மையின் புடவை நிறம் தெரிந்தது. கௌரியம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை.

“மொத சம்சாரம் எதுல போச்சுங்க?” என்றார் வந்தவர்.

“உள்ள வாங்க.”

சமையற்கட்டுக் கதவைச் சாத்தி, பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள். சித்திரையிலிருந்து ஆடி வரை. ஒன்று விடாமல் சொன்னாள்: சங்கிலியில் இருந்த கை, கொட்டகை, மயிர் உருண்டை, டாக்டரம்மா சொன்னது, ரேஷன் அரிசி. தன் கடப்பாரையையும் விடவில்லை.

வந்தவர் கோடுகளை வெகு நேரம் பார்த்தார். கண்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

“இப்பதான் கக்கூஸ் கட்டிட்டாங்களேம்மா?”

“கட்டிட்டாங்க.”

“அப்ப சரிங்க,” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு முகூர்த்தம் குறிக்கப் போனார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள், கதவுக்குப் பின்னால் இருந்த கரியைச் சுரண்டப் போனான்.

“அதை விட்டுடு,” என்றாள் கௌரியம்மாள்.

“அசிங்கமா கீதே யம்மா.”

“இருக்கட்டும். அதுக்குக் கீழ கொஞ்சம் எடமும் விட்டு அடி. புதுசா ஒருத்தி வரா.”