தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு ரை விஸ்கி

மாமனார் குடிப்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். மாப்பிள்ளை குடிப்பது மாமனாருக்குத் தெரியும். ஆனால் ஒருவர் குடிப்பதை மற்றவர் கண்ணால் பார்த்துவிடக் கூடாது. அடி அண்ணாமலை கிராமத்தில் இது எழுதாத சட்டம். எழுதின சட்டங்கள் எத்தனையோ காற்றில் பறக்கின்றன, இதை மட்டும் யாரும் மீறினதில்லை.

திருமலையும் மீறினதில்லை. மணிலாக்கொட்டையும் சம்பங்கிப் பூவும் பயிர் வைக்கிற மனுஷர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை போடுவார். அன்றைக்குச் சரக்கைத் தொடமாட்டார். மறுநாள் சாயங்காலம், அரிவாள் பிடித்த தோள்வலி தீர, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஒரு குவார்ட்டர். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு, முகத்தை அஷ்டகோணலாக்கி ஒரு சிலிர்ப்பு, நாக்கில் ஊறுகாய். குடி என்றால் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதில் ருசி என்று ஒன்று இருப்பதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை.

இந்தப் பௌர்ணமிக்கு வீட்டில் மகள் ஓவியாவும் மாப்பிள்ளை இளவரசனும் இருந்தார்கள். கலியாணமாகி அமெரிக்கா போனபிறகு இப்போதுதான் முதல் தடவையாக வந்திருந்தார்கள். பௌர்ணமி முடிந்த மறுநாள் ஆயிற்று, விடிந்தால் கிளம்புகிறார்கள். திருமலைக்குச் சோறு இறங்கவில்லை. பிரிவு ஒரு பக்கம் இருக்கட்டும், அவரைத் தின்றது வேறு. ஓவியா வாய் மூடாத பெண். சின்ன வயசில் அவள் தூங்கினால்தான் அக்கம்பக்கத்துக்கு நிம்மதி. அந்தப் பெண் வந்த நாளிலிருந்து பூனை மாதிரி நடக்கிறாள். "அவருக்கு இன்னும் ரெண்டு இட்லி வைம்மா", "அவரு தூங்கறாருங்கப்பா" என்று அளந்து அளந்து பேசுகிறாள். என் பிள்ளையை அங்கே என்ன செய்தார்கள்? அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாளா? இதை மாப்பிள்ளையிடம் கேட்டுவிட வேண்டும். ஆனால் இவர் கூடத்துக்குள் நுழைந்தாலே அந்தப் பிள்ளை படக்கென்று எழுந்து நின்றுகொள்கிறது. நிற்கிற ஆளிடம் எப்படிக் கேட்பது?

இந்த யோசனையோடுதான் அன்று மாடி ஏறினார். தொட்டியைச் சுற்றி வந்தால், அவருடைய இடத்தில் மாப்பிள்ளை. கையில் எவர்சில்வர் டம்ளர்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். இளவரசன் டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். திருமலை இடுப்பில் செருகியிருந்த குவார்ட்டரைத் துண்டால் மூடினார்.

"தண்ணி ரொம்பிச்சான்னு பாக்க வந்தேன் மாப்ள."

"நான் சிக்னல் கெடைக்குதான்னு பாக்க வந்தேங்க மாமா."

அதோடு இறங்கிப் போயிருந்தால் சட்டம் பிழைத்திருக்கும். ஆனால் காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. மிளகு வறுக்கிற மாதிரி ஒரு வாசனை, அதற்குப் பின்னால் வெல்லப்பாகு. திருமலையின் சரக்கிலிருந்து ஜென்மத்துக்கும் இப்படி ஒரு வாசனை வந்ததில்லை.

"அது இன்னா மாப்ள அது?" என்றார், தன்னை மீறி.

இளவரசன் திருதிருவென்று முழித்தான். பிறகு தொட்டியின் அடியிலிருந்து பாட்டிலை எடுத்து, திருநீற்றுத் தட்டை நீட்டுகிற பவ்வியத்தோடு நீட்டினான். "ரை விஸ்கிங்க மாமா. உங்களுக்குன்னுதான் கொண்டாந்தோம். குடுக்கத்தான் தைரியம் வரல. நாளைக்கு ஊருக்குப் போறோமே, வேஸ்ட்டாப் போவுதேன்னு..."

திருமலை பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். 101 என்று பெரிதாகப் போட்டிருந்தது. "இது இன்னா, மொய் எழுதற மாதிரி ஒண்ணு சேத்துப் போட்டுக்கிறான்?"

"அது வீரியங்க மாமா. நூறுன்னா பாதிக்குப் பாதி அசல் சாராயம்."

"நாங்க பாக்காத சாராயமா?" என்று சொல்லி, மாப்பிள்ளை தந்த டம்ளரில் தம் வழக்கப்படி பாதி ஊற்றி, வழக்கப்படி மூக்கைப் பிடித்து, இளவரசன் "மாமா, மாமா" என்று தடுப்பதற்குள் ஒரே மடக்காக மடக்கினார்.

அடேயப்பா! நெஞ்சுக்குள் சொக்கப்பனை கொளுத்தினார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. எதிரே இருந்த மலை ஒரு சுற்று சுற்றி வந்து தன் இடத்தில் நின்றது. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் இருமின இருமலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இளவரசன் மரியாதையெல்லாம் மறந்து அவர் முதுகைத் தட்டி, தோளைப் பிடித்து உட்கார வைத்து, பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மாப்பிள்ளை உட்கார்ந்தாயிற்று. திருமலை கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைக் கவனித்தார்.

"இத மடக்கக் கூடாதுங்க மாமா. நாக்குல வெச்சி, கொஞ்ச கொஞ்சமா." கொஞ்சமாக ஊற்றி, சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொடுத்தான்.

திருமலை மூக்கைப் பிடிக்காமல் ஒரு வாய் வைத்தார். முதலில் மிளகு. அப்புறம் லவங்கப்பட்டை. அப்புறம், விழுங்கினபிறகு எங்கிருந்தோ, பாகு அடிபிடிக்கிற நேரத்து இனிப்பு. வாயை அசைபோட்டார். ஊறுகாயைத் தேடவே தோன்றவில்லை. இத்தனை காலம் குடித்ததெல்லாம் என்ன கர்மம் என்று தோன்றியது.

"எதுல காய்ச்சறான்?"

"ரைன்னு ஒரு தானியம். கோதுமைக்குப் பங்காளி மாதிரி."

"பங்காளியா? அதான் இந்தக் காரம்."

இளவரசன் சிரித்துவிட்டான். அவனுக்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டென்பதே திருமலைக்கு அன்றுதான் தெரிந்தது.

"வெல ஜாஸ்தியா இருக்குமே?"

"இல்லிங்க மாமா, கம்மிதான். அங்க சாதா ஜனங்க குடிக்கிறது. ஒசத்தியா வாங்கலாம்னுதான் நான் பாத்தேன். 'லேபிளுக்கா காசு குடுப்ப? இதான் நல்லாருக்கும்'னு ஓவியாதான்..." என்று சொல்லி வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

திருமலை டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லாருக்கும்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

கிரிவலப் பாதையில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் ஆளுக்குக் கொஞ்சமா ஊத்திக்கினு பால்கனியில உக்காருவோங்க மாமா," என்றான் இளவரசன், குரல் உள்ளே போய். "அவ பேசிக்கினே இருப்பா. நான் கேட்டுக்கினே இருப்பேன். அவ்ளோதாங்க."

கோபம் வந்தது. பெற்ற பெண் குடிக்கிறாள் என்றால் எந்த அப்பனுக்குத்தான் வராது? ஆனால் கோபத்தைத் தள்ளிவிட்டு இன்னொரு வார்த்தை முன்னால் வந்து நின்றது.

"பேசிக்கினே இருப்பாளா?"

"காது தாங்காதுங்க மாமா."

திருமலைக்கு நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் மாப்பிள்ளை வாய்ச்சொல். தன் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும். எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்க் குரல் கொடுத்தார்.

"ஓவியா, மேல வா. அம்மா வறுத்து வெச்ச நெத்திலிய எடுத்தா. ஒரு டம்ளரும் எடுத்தா."

வந்தவள் பாட்டிலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்த பார்வையில் இளவரசன் இன்னும் கொஞ்சம் சின்னவனானான். திருமலை அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி, கொஞ்சமாக ஊற்றி, நீட்டினார்.

"உக்காரும்மா. எப்பிடிக் குடிக்கணும்னு எனக்கும் சரியாச் சொல்லு."

ஓவியா டம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு சப்பணமிட்டு உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் ஒரு வாய் வைத்தாள். அதற்கப்புறம் அவளை யார் நிறுத்துவது? பனி விழுந்த கதை, காரைப் பனிக்குள் தொலைத்துவிட்டு இரண்டு பேரும் அடுத்தவன் கார்மேல் பனியைச் சுரண்டின கதை, ரசம் கொதிக்கிற வாசனைக்குக் கதவைத் தட்டின வெள்ளைக்காரக் கிழவரின் கதை. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நடுவில் தட்டுப் பக்கம் போன அவள் கை அந்தரத்தில் நின்றது.

"டேய் எரும, கடைசி நெத்திலியும் தின்னுட்டியா? எனக்குன்னு ஒண்ணு வெக்கமாட்டியாடா?"

இளவரசன் வாய் நிறைய நெத்திலியோடு சிரித்தான். அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். அவன் இன்னும் சிரித்தான். அடி வாங்கிப் பழகின முதுகு அது, பார்த்தாலே தெரிந்தது.

படிக்கட்டில் ஓவியாவின் அம்மா ஆதிலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அடிப்பாவி, கட்டினவன டா போட்டா கூப்புடுவ? ஊருக்கு வந்தா 'ங்க' போட்டுப் பேசுடின்னு ஃபோன்ல படிச்சிப் படிச்சி சொன்னேனே. இன்னாங்க, நீங்களும் கேட்டுக்கினு உக்காந்திருக்கீங்க?"

"நீ சும்மா இரு," என்றார் திருமலை. "எம்மா ஓவியா, இன்னொரு தரம் சொல்லும்மா அத."