காதுக்கொரு குழாய்

அக்டோபர் முதல் ஞாயிறு எங்கள் பழைய கார் கிளப்பின் கார்கள் வரிசையாக மால்வர்ன் குன்றுக்குப் போகிற நாள். மறுநாள் காலை நான் க்ரோமருக்கு ரயிலேறுவதாக இருந்தேன். அங்கே கடலோரத்தில் என் அக்கா கொரீன் தனியாக இருக்கிறாள். மாடி அறையை எனக்காக ஒழித்து வைத்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் குளிர்காலத்துக்கு மட்டும் என்று சொல்லியிருந்தேன். திரும்பி வரும் எண்ணம் எனக்கு இல்லை.

என் புருஷன் டெஸ்மண்டிடம் இதை ஏப்ரலிலேயே கேட்டாகிவிட்டது. அதே குன்றின் மேல், காரின் கூரையை மடக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தபோது கேட்டேன். "அக்கா ஒரேயடியா வந்துடுன்னு கூப்பிடறா. போகட்டுமா, இல்ல இருன்னு சொல்லுவியா?" கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இப்படி ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்பது லேசில்லை. அவன் ரோட்டைப் பார்த்தபடியே, "ம், நல்லது," என்றான். கியரை மாற்றினான்.

இன்னொரு தடவை கேட்க நான் என்ன பிச்சையா எடுக்கிறேன்? கேட்கவில்லை. நான் பெட்டியை எடுத்து வைத்தபோது அவன், "கனமான கோட்டு எடுத்துக்க, அங்க காத்து ஜாஸ்தி," என்றதோடு சரி. வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்வான். காரில் ஏறினால்தான் வாயில் பூட்டு. என்னோடு வெளியே வருவதே அவனுக்குக் கசந்துவிட்டது என்று முடிவு செய்தேன். எனக்கு வலித்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கார் அறுபத்தேழாம் வருஷத்து எம்ஜி. இரண்டே இருக்கை. தரை இல்லாமல்தான் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. கதவுக்குக் கீழே துருவேறிய தகட்டை வெட்டி எடுத்தால் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும் என்று, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியைப் பற்ற வைத்து, அப்புறம்தான் வெட்டினான் டெஸ்மண்ட். அந்த நிதானம் அவனிடம் உண்டு. இரண்டு கதவுக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நான். ஆனாலும் ஒரு நாளும் என்னை ஓட்ட விட்டதில்லை. கிளட்ச்சை நோகடித்துவிடுவேனாம்.

வசந்தத்திலிருந்து அந்தக் காருக்கு நடுக்கம் கண்டிருந்தது. ஓடும்போது சரி. நின்ற இடத்தில் ஸ்லோவில் விட்டால் உடம்பெல்லாம் உதறும். மட்கார்டின் மேல் வைத்த டீக் கோப்பை தானாக நகர்ந்து போய் விழும். பிளக்கை மாற்றினான், வயரை மாற்றினான், எஞ்சினைத் தாங்குகிற ரப்பரை மாற்றினான். எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிப் புதுசாக்கி மாட்டினான். நடுக்கம் நிற்கவில்லை.

இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மற்றவர்கள் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை இதன் வாயிலும் அதன் வாயிலும் மாற்றி மாற்றி வைத்து, உஸ்ஸென்ற சத்தத்தை ஒப்பிடுவார்கள். டெஸ்மண்டுக்குக் காதுக்கொரு குழாய். இடப்பக்கம் நின்று குனிந்தால் முன் கார்புரேட்டர் இடது காதுக்கு, பின் கார்புரேட்டர் வலது காதுக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டபடி திருப்புளியால் ஸ்க்ரூவைத் திருகுவான். கிளப்பில் பாதிப் பேர் அவனிடம்தான் காரைக் கொண்டு வருவார்கள். காதென்றால் டெஸ்மண்ட் காது என்று அவர்கள் சொல்லும்போது உச்சி குளிர்ந்து போய் நிற்பான்.

சனிக்கிழமை மத்தியானம் அடுத்த தெரு கென்ரிக் வந்தார். அவரும் கிளப்தான். கையில் காற்றை அளக்கிற மீட்டர் ஒன்று.

"அதை எதுக்குத் தூக்கிட்டு வந்தே? காது இல்லாதவனுக்குத்தான் மீட்டர்," என்றான் டெஸ்மண்ட்.

"வச்சுதான் பாரேன்ப்பா. கடிக்காது."

கென்ரிக்கே வைத்துப் பார்த்தார். முன்னது பின்னதைவிட ஏகத்துக்கு இழுத்தது. டெஸ்மண்ட் குழாய்களைக் காதில் செருகிக்கொண்டு குனிந்தான்.

"முன்னாடி இழுக்கவே இல்ல. இன்னும் திறந்து விடணும். உன் மீட்டர் பொய் சொல்லுது."

"நேத்துதான் என் கார்ல பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப உன் காரும் பொய் சொல்லுது."

நான் டீ கொண்டு வந்து நின்றிருந்தேன். இந்தச் சண்டை இருட்டும்வரை போகும் என்று தெரிந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. தராசில் சந்தேகம் வந்தால் தட்டை மாற்றி நிறுத்துப் பார்ப்பதில்லையா?

"டெஸ், குழாயை மாத்தி வச்சுக் கேளேன்," என்றேன். அவன் இடப்பக்கம் நின்றுதான் சொன்னேன். அவன் திரும்பவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, இரண்டு குழாயையும் அவன் காதிலிருந்து பிடுங்கி, முன்னதை வலது காதிலும் பின்னதை இடது காதிலும் வைத்தேன்.

"இப்ப பின்னாடி இழுக்கல," என்றான்.

சொல்லிவிட்டு அவனே நின்றுவிட்டான். மறுபடி மாற்றி வைத்தான். கேட்டான். திரும்பவும் மாற்றினான். எந்தக் குழாயாக இருந்தாலும் இடது காதில் அதற்குச் சத்தம் இல்லை. எஞ்சினை அணைத்தான். குழாய்களைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தான்.

கென்ரிக் ஷெட்டுக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, "மழை வரும்போல இருக்கு," என்றார். வானம் பளிச்சென்றிருந்தது. மீட்டரை மேஜை மேல் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

நான் காரைப் பார்த்தபடி நின்றேன். காரில் நான் உட்காருவது அவனுக்கு இடப்பக்கம். சாப்பாட்டு மேஜையில் வலப்பக்கம். எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. ஸ்டூல் மேல் ஸ்பேனர்கள் கிடந்ததால் நின்றுகொண்டே இருந்தேன். டெஸ்மண்ட் மீட்டரை எடுத்து, இரண்டு ஸ்க்ரூவையும் அதன்படி வைத்தான். மறுபடி ஓட விட்டபோது மட்கார்டில் நான் வைத்த கோப்பை அசையவில்லை.

ஞாயிறு காலை கார்கள் எல்லாம் சந்தைக் கட்டடத்தின் முன்னால் நின்றன. என் பெட்டி வீட்டில் வாசலருகே தயாராக இருந்தது. டெஸ்மண்ட் சுற்றி வந்து இடது கதவைத் திறந்து உட்கார்ந்தான். சாவியை என் பக்கம் நீட்டினான்.

"நீ ஓட்டு."

"கிளட்ச்?"

"போனா போவுது."

ஓட்டினேன். ஊரைத் தாண்டினோம். குன்று ஏறத் தொடங்கியதும் அவன் என் பக்கம் பார்த்தான்.

"ஏப்ரல்ல இங்க என்னமோ கேட்டே. நான் நல்லதுன்னு சொன்னேன்."

"ஆமா."

"கேக்கல தெல்மா. கேக்கலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நல்லதுன்னு சொல்லி வச்சா பெரும்பாலும் சரியா வந்துடும்." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னிக்கப்புறம் நீ கார்ல பேசவே இல்ல. குளிர்காலத்துக்கு மட்டும் போறேன்னு அக்கம்பக்கத்துல சொன்னதுதான் எனக்குத் தெரியும். என்ன கேட்டே?"

எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த வெட்கத்துக்காக நான் ஆறு மாதம் வெந்திருக்கிறேன். ரோட்டில் வைத்த கண்ணை எடுக்காமல், ஏப்ரலில் கேட்டதை வார்த்தை பிசகாமல் கேட்டேன். ஒரேயடியா வந்துடுன்னு கூப்பிடறா. போகட்டுமா, இல்ல இருன்னு சொல்லுவியா?

முன்னால் போன கார் வளைவில் மறைந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் அவ்வளவு மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"இரு," என்றான். "இருன்னு சொல்றேன்."

மேல்வளைவுக்காக இரண்டாவது கியருக்கு இறக்கினேன். கிளட்ச்சைச் சரியாக மிதிக்காததால் கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தது. அந்தச் சத்தம் அவன் நல்ல காதில் நன்றாகவே விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.