பாதித் திரை

அந்தமானை விட்டு மெயின்லேண்டில், சென்னையில் குடியேறிவிட்ட செந்தமிழன் வெகுநாள் கழித்து கராச்சர்மா வீட்டுக்கு வந்தபோது, அவன் பெட்டியில் துணிமணியைவிட ஒயர்தான் அதிகம் இருந்தது. பழைய வீடியோ கேம்களை மறுபடி ஆடிப் பார்த்துப் பேசும் யூடியூப் சேனல் நடத்துகிறான். சின்ன வயதில் தங்கை வைஜெயந்தியோடு மல்லுக்கட்டி ஆடிய துப்பாக்கி விளையாட்டை, அதே வீட்டில் அவளோடு ஆடிப் படம் பிடிக்க வேண்டுமாம்.

வைஜெயந்தி வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தாள். அந்த ஆட்டத்தில் அவள் ஒருமுறைகூட அவனை ஜெயித்ததில்லை. கல்யாண வீடு, காரிய வீடு என்று பார்க்காமல் அதைச் சொல்லிச் சிரிப்பான் அவன்.

"இன்னிக்கும் இந்த கேமை அடிச்சுக்க ஆளில்ல!" என்றான் கேமராவைப் பார்த்து.

அவள் சற்று நேரம் ஆடிப் பார்த்தாள். "இதையாண்ணா தலையில தூக்கி வச்சுட்டு அலையுற? நாலடிக்கு அந்தாண்ட எல்லாம் பனிமூட்டம். ஆள் திரும்புறதுக்குள்ள ஹேவ்லாக் தீவுக்கே போயிட்டு வந்துடலாம். துப்பாக்கியே குறி பாத்துக்குது, அப்புறம் நான் எதுக்கு? ரெண்டு குண்டு வெடிச்சா படமே நொண்டுது. ஏக்தம் பக்வாஸ், சுத்தக் குப்பை!"

"நல்லதா ஏதாவது சொல்லேன்டி."

ஆட்டத்தில் வரும் காவலாளியைக் காலில் சுட்டால் அவன் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். கையில் சுட்டால் கையை உதறினான். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான் என்று ஒப்புக்கொண்டாள்.

பிறகு இருவரும் மோதினார்கள். திரை குறுக்கே இரண்டாகப் பிரிந்தது. மேல்பாதி அவனுக்கு, கீழ்ப்பாதி அவளுக்கு. அவள் எந்த மூலையில் பதுங்கினாலும் அவன் நேராக வந்து சுட்டான். நாலைந்து தடவை செத்த பிறகு அவள் திரையை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் கீழ்ப்பாதியில் இருந்தது.

"அடப்பாவி! என் பக்கத்தையா பாக்குற?"

"எல்லாரும் பாக்குறதுதான். அது கேமோட குறை, என் குறையா?"

அவள் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து வந்து, திரையின் நடுவில் அலமாரித் தட்டுபோல வெளியே நீட்டி ஒட்டினாள். அவனை நாற்காலியில் ஏற்றிவிட்டுத் தான் தரையில் அமர்ந்தாள். இப்போது அவரவர் பாதிதான் அவரவருக்குத் தெரிந்தது.

செந்தமிழன் சுவரில் முட்டினான். முதுகில் குண்டு வாங்கினான். கன்ட்ரோலர் சரியில்லை என்றான், அவள் தன்னுடையதைக் கொடுத்தாள். அதிலும் செத்தான். எழுந்து கேமராவை அணைத்தான்.

அவன் சென்னை திரும்பிய பிறகு வீடியோ வந்தது. தான் வேலை பார்க்கும் துறைமுக அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது அவள் பார்த்தாள். காவலாளி நொண்டுவதைப் பாராட்டியது மட்டும் இருந்தது. திட்டியது இல்லை, அட்டையும் இல்லை. "பாவம் தங்கச்சி, இன்னிக்கும் தோத்துட்டா" என்று முடித்திருந்தான்.

உடனே போன் போட்டாள். "அட்டை எங்கண்ணா?"

"ஆடியன்ஸுக்கு அதெல்லாம் எதுக்குடி?"

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. நாற்பது வயதாகியும் ஒரு பொம்மைச் சண்டையில் பொய் சொல்லித்தான் ஜெயிக்க வேண்டியிருக்கிறது இவனுக்கு. இவனிடம் தோற்றதற்காகவா பள்ளிக்கூட நாளில் தலையணையில் முகம் புதைத்து அழுதோம் என்று நினைத்தபோது சிரிப்புதான் வந்தது.

"சரி, நீயே ஜெயிச்சுக்கோ" என்று போனை வைத்துவிட்டு, மீன்குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள்.