தம்பி ஓட்டுக் கேட்டான்

இப்போதெல்லாம் ஒருவன் செத்தால்கூடத் தெரு வாயை மூடுவதில்லை. விடியும்போது தம்பி செத்தான். பத்து மணிக்கு அதே தம்பி வாசலில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டான்.

"மலைக்காரன் பேச்சு வேறு, சாமி வேறு! அவனுக்கு இந்த நாட்டில் ஓட்டு எதற்கு? அவனை உங்கள் வீட்டு வாசற்படி ஏற்றாதீர்கள்!"

பிரசார வண்டி ஜன்னலைக் கடந்தது. அண்ணனான பெரியவர் கட்டிலைப் பார்த்தார். தம்பியின் கழுத்தில் ஆபரேஷன் செய்த துளையைச் சுற்றி அவன் மருமகள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மைக்கில் பேசுவதுதான் தம்பிக்குத் தொழில். குரல்வளையை எடுப்பதற்கு முந்தின நாள் பதிவு செய்து கொடுத்த குரல் அது. பிறகு ஐந்து மாதம் வீட்டில் வெறும் மூச்சுச் சத்தம்தான். அந்த ஐந்து மாதமும் குழாயில் கஞ்சி ஊற்றியவள் இவள். மலைக்காரி.

"நேத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு, பெரிய மாமா. மன்னிப்புக் கேட்டாரு."

"குரலே இல்லாதவன் எதுல கேட்டான்? வலியில அழுதிருப்பான்."

அவள் துணியைப் பிழிந்தாள். "நாலு மணிக்குத் தூக்கும்போதும் இந்தச் சத்தம் இருந்தா, நான் எப்படி மாமா பின்னால நடந்து வர்றது?"

வண்டி திரும்பி வந்தது. கனைப்பு. அவள் சட்டென்று இரண்டு கையாலும் பிணத்தின் காதுகளைப் பொத்தினாள்.

பெரியவர் இறங்கிப்போய் வண்டியை மறித்தார்.

"நிறுத்துடா! பேசுறவன் உள்ள பொணமாக் கெடக்கான்."

கட்சிக்காரன் தலையை நீட்டினான். "தெரியும் பெரியவரே. செத்தவர் குரல்னதும் சனம் நின்னு கேக்குது. தலைநகர்லயே இதைத்தான் போடச் சொல்லிட்டாங்க."

"அவனைக் குளிப்பாட்டுறது மலைக்காரிடா!"

"அதை ஏன் சத்தமாச் சொல்றீங்க? ஓட்டு முடியட்டும்."

பெரியவர் கையை உள்ளே விட்டு வயரைப் பிடுங்கினார். "உங்கள் வீட்டு வாசற்படி..." என்பதோடு குரல் அறுந்தது. தெருவில் ஒரு சத்தமில்லை. ஜன்னலில் மருமகளின் முகம் தெரிந்தது.

"...ஏற்றாதீர்கள்!" என்றான் தம்பி, அடுத்த தெருவிலிருந்து.

"எத்தனை வண்டிடா?"

"நம்ம தொகுதிக்கு மட்டும் பன்னிரண்டு."

அங்கே தம்பி மறுபடி கனைத்துக்கொண்டான். ஆள் நல்ல தெம்பாக இருந்தான்.

"மன்னிப்புக் கேட்டானாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெரியவர் குரலுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தார். பிடுங்கிய வயர் அவர் கையிலிருந்து தொங்கி, பின்னாலேயே இழுபட்டு வந்தது.