பழைய ஐ5, புது ஐ5

வீரமலைக்கு வலது தோள்பட்டை தெறித்தது. காந்தி மார்க்கெட்டில் விடியுமுன்பே ஒரு லாரி வெங்காயம் இறக்கியாயிற்று. குளித்துச் சட்டை மாற்றி, மகள் மணிமேகலையோடு சிங்காரத்தோப்பு கம்ப்யூட்டர் கடைக்கு வந்து ஏசிக் காற்றில் உட்கார்ந்ததும் வலி இன்னும் ஏறியது.

மணிமேகலை ஸ்ரீரங்கத்தில் ஒரு இன்ஜினியரிடம் வீட்டு வரைபடம் போடுகிறாள். திங்கட்கிழமை சொந்த லேப்டாப்போடு வந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள் என்று அவர் சொல்லிவிட்டார்.

விற்பனைப் பெண் சம்ரீன் மேசைமேல் இரண்டு லேப்டாப்பை வைத்தாள். ஒரே நிறம், ஒரே அளவு.

"ரெண்டும் ஐ5 பிராசசர்தாங்க. இது பன்னெண்டாவது ஜெனரேஷன், இது பதிமூணு. புதுசு நாலாயிரம் கூட."

"ஜெனரேஷன்னா?" என்றார் வீரமலை.

"வருஷா வருஷம் புதுசா வருங்க."

"வெள்ளாமை மாதிரியா?"

சம்ரீன் யோசித்தாள். "அப்படியும் வச்சுக்கலாம்."

அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப பழசுதான் எடுக்கணும். புது வெங்காயம் ஈரம்மா. மூட்டைக்குள்ளயே வேர்த்து அழுகிடும். காய்ஞ்ச பழசு ஆறு மாசம் நிக்கும். மண்டியில பழசுக்குத்தான் விலை கூட. நீங்க என்ன தலைகீழா விக்கிறீங்க?"

"இது அழுகாதுங்க சார்."

"சூடாகுமா?"

"கொஞ்சம் சூடாகும்..."

"பாத்தியா, வேர்க்குது!"

"அப்பா, மானத்த வாங்காதீங்க," என்று மணிமேகலை பல்லைக் கடித்தாள். ஆனால் அவள் மனதிலும் பழசுதான் இருந்தது. இரண்டு பிராசசருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டிலும் இருந்த எட்டு ஜிபி ராமில் மூன்று மாடி வரைபடத்தைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும் என்பதும் தெரியும்.

"அப்பா சொல்றபடி பழசே குடுங்க. ராம் மட்டும் பதினாறாக்கணும்."

"அதுக்குத் தனியா மூவாயிரம் ஆகும்க்கா."

கையிலிருந்தது பழசின் விலைக்குத்தான் சரியாக இருந்தது.

"ராம்னா என்னடி?"

"படத்த விரிச்சு வச்சு வேலை பாக்குற இடம்ப்பா."

"வெங்காயம் வாங்குனா சாக்குக்குத் தனிக் காசா?" என்று வீரமலை குரலை உயர்த்தினார்.

சத்தம் கேட்டு முதலாளி நஸ்ருல்லா உள்ளிருந்து வந்தார். வாசலில் இன்வெர்ட்டர் பேட்டரி வேன் நின்றுகொண்டிருந்தது. இறக்க ஆள் வரவில்லை, லிஃப்டும் ஓடவில்லை. அவர் கண் வீரமலையின் கழுத்தில் காய்ப்பேறியிருந்த இடத்தில் நின்றது.

"அண்ணே, லோடு வேலையா நீங்க? இருபது பேட்டரி. மூணாம் மாடி. ஏத்திக் குடுங்க, ராம் நான் போட்டுத் தர்றேன்."

"அப்பா, வேணாம். காலையிலதான லாரி இறக்குனீங்க?"

"நீ சும்மா இரு. ஒண்ணு எத்தனை கிலோங்க?"

"அறுபது."

"மூணாம் மாடிக்கா? அந்த மவுசும் பையும் சேத்துக் குடுங்க."

நஸ்ருல்லா சிரித்துவிட்டார். "பையோட எடுத்துக்கங்க."

வீரமலை வெள்ளைச் சட்டையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். அவர் படியேற, சம்ரீன் ராமைப் பொருத்தினாள். பதினொன்றாவது பேட்டரியை வைத்துவிட்டு இறங்கும்போது முழங்கால் மடங்கியது. இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்குப் போதும்ணே. லேப்டாப்ப எடுத்துட்டுப் போங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் நஸ்ருல்லா.

பஸ்ஸில் மணிமேகலை லேப்டாப்பை மடியில் திறந்து, பென்டிரைவில் வைத்திருந்த மூன்று மாடி வரைபடத்தை விரித்தாள். நிற்காமல் விரிந்தது. வீரமலை குனிந்து, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"வேர்க்கல. நல்லாக் காய்ஞ்ச பழைய சரக்கு."

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். நஸ்ருல்லாவுக்கு இன்னும் ஒன்பது பேட்டரி ஏற்ற வேண்டியது பாக்கி.